பிரிவுக்கு ஒன்று

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு சார்ஜன்ட் இரண்டாவது விசிலை ஊதினார். முதல் விசில் ஆறு பதினொன்றுக்கு. நடுவில் இருந்த ஒரு நிமிடம்தான் தேர்வு.

மைதானத்தில் கல்லூரியின் விமானப்படைப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு கேடட்டுகள் பன்னிரண்டு பேர். ஆறு பேர் தரையில் கையூன்றித் தண்டால் எடுத்தார்கள். ஆறு பேர் பக்கத்தில் மண்டியிட்டு எண்ணினார்கள். எண்ணுகிறவர் தன் முஷ்டியைப் புல்லில் வைக்க வேண்டும். எடுக்கிறவரின் நெஞ்சு அந்த முஷ்டியைத் தொட்டு, மேலே போய், கை முழுதாக நீண்டால் ஒன்று. தொடாமல் போனாலோ, கை வளைந்தே இருந்தாலோ, முன்பு சொன்ன எண்ணையே மறுபடி சொல்ல வேண்டும். உரக்கச் சொல்ல வேண்டும்.

"முப்பது!" என்றாள் நெட்டை.

குண்டூசி அப்படியே புல்லில் சரிந்தாள். முகத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் நெட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

பெண்களுக்குத் தேவை முப்பது. இருபத்தொன்பது என்றால் ஃபெயில். போன பருவத்தில் குண்டூசி இருபத்தாறில் நின்றுவிட்டாள். இரண்டாவது முறையும் தவறினால் பயிற்சிப் பிரிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கோடையில் விமானத் தளத்தில் நடக்கும் முகாம் கிடையாது. முகாமுக்குப் போகாதவர் அதிகாரி ஆக முடியாது. பட்டத்தை வாங்கிக்கொண்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

சார்ஜன்ட் அட்டையும் பேனாவுமாக வரிசையில் வந்தார். நெட்டை எண்ணைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"பரவாயில்லையே. குண்டூசி ஒருவழியா குத்திருச்சு" என்றார்.

அவர் வேடிக்கை பேசுவது வருடத்துக்கு நாலு தடவை. பக்கத்தில் இருந்தவர்கள் அதற்காகவே சிரித்தார்கள்.

நெட்டை குழாயடியில் கை கழுவினாள். முஷ்டியில் ஒட்டியிருந்த புல்லையும் மண்ணையும் தேய்த்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. அப்போதுதான் அது அவள் காதில் திரும்பக் கேட்டது. விசில். அதன் பிறகு ஆறு குரல்கள், ஒரே நேரத்தில், ஆறு எண்கள்.

குழாயை மூடினாள்.

ஒரு நிமிடம் முழுக்க ஒருவர் குரலோடு இன்னொருவர் குரல் சேரவே இல்லை. ஆளாளுக்கு ஒரு வேகம். மைக் என்கிற பையன் ரயில் மாதிரிப் போவான். குண்டூசி கோயில் தேர் மாதிரி அசைந்து வருவாள். அப்படி இருக்க, கடைசி எண் மட்டும் எப்படி ஆறு வாயிலிருந்தும் சேர்ந்து வந்தது?

ஏன் என்று அவளுக்குத் தெரிந்தது. பயிற்சிப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஷூவில் பளபளப்பு குறைந்தால் பத்துத் தண்டால். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் இருபது. எத்தனை சொன்னாலும், கேடட் அதை முடித்துவிட்டு, சொல்லாத இன்னொன்றையும் எடுப்பான். எடுக்கும்போது "பிரிவுக்கு ஒன்று!" என்று கத்துவான். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதல் வருடம் முதல் வாரத்தில் மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. இரண்டரை வருடத்தில் உடம்பு அதை மூளையிடம் கேட்காமலே செய்யப் பழகியிருந்தது. நிறுத்து என்ற சத்தம் கேட்டால் இன்னொன்று.

விசில் கேட்டது. ஆறு பேரும் இன்னொன்று எடுத்தார்கள். தேர்வு என்பதால் யாரும் கத்தவில்லை. எண்ணிய ஆறு பேரும் அதையும் எண்ணினார்கள்.

இதற்கு முன்னால் நடந்த முதல் சுற்றில் நெட்டை எடுத்தபோது குண்டூசி எண்ணினாள். நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. அதுவும் நாற்பத்தொன்றாகத்தான் இருக்கும். அதனால் நெட்டைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கேன்டீனில் மைக் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தான். அணிவகுப்பில் கட்டளை கொடுப்பவன் அவன்தான். சும்மா பேசினாலே நாலு மேசைக்குக் கேட்கும். நெட்டை அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"மெதுவாப் பேசு. விசிலுக்கு அப்புறம் ஒண்ணு எடுத்தியா?"

"எடுக்காம? பிரிவுக்கு ஒண்ணு எடுக்கலேன்னா தரை நம்மள விடுமா?" என்றான். பிறகு ரொட்டி பாதி வழியில் நின்றது. "அதையும் எண்ணிட்டானா?"

"உனக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப எண்ணிட்டான்."

"அட, போகட்டும். அறுபதுன்னாலும் என் குடி ஒண்ணும் முழுகாது. உனக்கும் முழுகாது. வேற யாருக்கு..." அவன் வாயை மூடினான். ரொட்டி தேநீருக்குள் அறுந்து விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"குண்டூசிக்கு எத்தனை?"

"முப்பது."

மைக் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"இத ஏன் என்கிட்ட சொன்ன?"

"நான் சொல்லல. கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு." அவன் தலையைச் சாய்த்துச் சுவரைக் காட்டினான். கேன்டீன் சுவரில் அந்த வாசகம் இல்லை. ஆனால் அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சிப் பிரிவு அலுவலக வாசலில், நீல எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்: பொய் சொல்லமாட்டோம், பொய்க்குத் துணையும் போகமாட்டோம்.

"நான் எதையும் கேக்கல. நீ எதையும் சொல்லல. நான் ரொட்டி தின்னுட்டு இருந்தேன்" என்றான்.

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போடணும்டா."

எண்ணியவர்கள் அன்று மாலையே மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. 'நான் எண்ணிய எண்ணிக்கை சரியானது' என்று அடியில் அச்சடித்திருக்கும். கையெழுத்து விழும்வரை அது தவறு. விழுந்த பிறகு பொய்.

"தெரியும்" என்றான் மைக். கரண்டியால் கோப்பைக்குள் ரொட்டியைத் தேடினான். "உன் இடத்துல இருக்க எனக்கு இஷ்டமில்லடி. அதுக்குப் பதிலா இன்னொரு அறுபது எடுத்துடுவேன்."

நெட்டை அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அக்காவுக்கு உலர்சலவைக் கடையில் இஸ்திரி வேலை, மதியத்துக்கு மேல். காலையில் வீட்டுத் துணிக்கு இஸ்திரி. நாலு மணிக்குச் சீருடையில் போக வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நெட்டையின் நீலச் சட்டை மேசையில் விரிந்திருந்தது. அக்கா தோள்பட்டைத் தையலை விரலால் நீவி, அதன் மேல் பெட்டியை வைத்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஃபெயிலா?"

"பாஸ்."

"அந்தக் குட்டிப் பொண்ணு?"

நெட்டை சொன்னாள். விசிலிலிருந்து ரொட்டி வரை சொன்னாள். அக்கா ஒரு கையை முடித்து மறுகையை விரித்தாள்.

"அவ எடுத்தாளா இல்லையா?"

"எடுத்தா. விசிலுக்கு அப்புறம்."

"எவ்வளவு நேரம் அப்புறம்?"

"ஒரு செகண்ட். மிஞ்சிப்போனா ஒண்ணரை."

"ஒண்ணரை செகண்டுக்கா இந்த மூஞ்சி? உங்க மாமா பஸ்ஸ ஒண்ணரை மணி நேரம் லேட்டா கொண்டுவந்து நிறுத்திட்டு, சரியான நேரம்னு எழுதிட்டு வர்றார்."

"ரோடு அப்படி!" என்று உள் அறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவர் தூங்குவதாக இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

"நீங்க தூங்குங்க." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இவ பெரிய அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஒரு பொண்ணோட வாழ்க்கைடி."

"கையெழுத்துப் போடணும்க்கா. எண்ணினது சரின்னு."

"போடலேன்னா?"

"அவ போயிடுவா."

"போட்டா?"

நெட்டை சட்டைக் காலரைப் பார்த்தாள். இரண்டு முனையும் கத்தி மாதிரி இருந்தன.

"போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அக்கா.

"மைக்குக்குத் தெரியும்."

"அவன்கிட்ட ஏன்டி வாயக் கொடுத்த?" அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சரி. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆக, மைக்குக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உள்ள படுத்திருக்கிற உங்க மாமாவுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. நல்லா இருக்குடி உங்க நேர்மை."

அவள் சட்டையை ஹேங்கரில் மாட்டி நீட்டினாள்.

"கசக்காமப் போ."

குண்டூசி விடுதி அறையில் கட்டில் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் முகாமுக்கான பட்டியல். கறுப்பு சாக்ஸ் ஆறு ஜோடி, வெள்ளை பனியன் எட்டு, பூட்டு ஒன்று, பல் துலக்கும் பொருட்கள். பட்டியலை அவள் போன பருவமே எழுதிவைத்திருந்தாள். இப்போது பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரச் சுவரில் மேகங்களின் படம் ஒட்டியிருந்தது. அவளுக்கு விமானம் ஓட்ட ஆசை இல்லை. வானிலைப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த மேகத்துக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று விமானிக்குச் சொல்லும் ஆளாக வேண்டும். ஒட்டகத்துக்குத் தங்கையாகப் பிறந்திருக்க வேண்டிய நெட்டைக்கோ விமானி இருக்கையில் தலை இடிக்கும். அளந்து பார்த்து, தளவாடப் பிரிவு என்று எழுதிவிட்டார்கள். "நான் மேல பாத்துக்கிறேன், நீ கீழ பாத்துக்கோ" என்று குண்டூசி அடிக்கடி சொல்வாள்.

"வாடி. உக்காரு. சாக்ஸ் மேல உக்காராத. அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். அம்மா ஒரு பாட்டம் அழுதா. அப்பா போன வாங்கி 'சரி'ன்னார்."

"அவ்வளவுதானா?"

"எங்கப்பா 'சரி'ன்னா மேளதாளம் வெச்ச மாதிரி. அக்கா கல்யாணத்துக்கே அவர் 'ம்'முன்னுதான் சொன்னார்."

நெட்டை உட்காரவில்லை. சட்டை ஹேங்கரோடு கையில் இருந்தது. அதைக் கதவின் கொக்கியில் மாட்டினாள். பிறகு சொன்னாள்.

குண்டூசி முதலில் சிரித்தாள். அவளுடைய முகம் சிரிப்பை விட்டு இறங்க நேரம் எடுத்தது.

"விளையாடுறியா?"

"இல்ல."

"ஆறு பேரும் எடுத்தோமா?"

"ஆறு பேரும். நானும். நான் எடுத்தப்ப நீயும் எண்ணின. நாப்பத்திரண்டு இல்ல, நாப்பத்தொண்ணு."

"உனக்கென்ன, நாப்பத்தொண்ணு." குண்டூசி பென்சிலைப் பட்டியலின் மேல் வைத்தாள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "என்னோடத நான் எண்ணலடி. கீழ கிடக்கிறவ எண்ண மாட்டா. எண்ணுறது உன் வேலை. எனக்கு மூச்சு விடுறது மட்டும்தான் வேலை."

"ஆமா."

"இருபத்தெட்டுல மேல நின்னு மூச்சு வாங்கினேன். உன் குரல் நிதானமா இருந்துச்சு. சரி, நேரம் இருக்குன்னு நினைச்சேன். அங்க நிக்காம இருந்திருந்தா முப்பது வந்திருக்கும். விசிலுக்கு உள்ளயே வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்."

"வந்திருக்கும்!"

பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குண்டூசி குரலை இறக்கினாள்.

"என்ன பண்ணப் போற?"

நெட்டை கொக்கியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போடு. ஒண்ணுதானே. எடுக்காததையா எழுதச் சொல்றேன்? எடுத்தேன்ல? உன் முஷ்டியில படல? பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

"விசிலுக்கு அப்புறம் பட்டுச்சு."

"உன் கையெழுத்து உன்னோடது. என் பொழப்பு என்னோடது. ரெண்டையும் ஏன் சேத்து முடிச்சுப் போடுற?"

"முடிச்சு நான் போடல. அந்தத் தாள்ல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு."

குண்டூசி கட்டிலை விட்டு இறங்கினாள். ஹேங்கரை எடுத்து நெட்டையின் கையில் கொடுத்தாள்.

"போ. நானும் டிரஸ் மாத்தணும். நாலு மணிக்கு நானும்தானே கையெழுத்துப் போடணும்."

அலுவலகத்தின் முன்கூடத்தில் சார்ஜன்ட்டின் மேசை. அதற்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கேப்டன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லோர் சட்டையும் மடிப்பு மடிப்பாக இருந்தது. வாசலில் நீல எழுத்து வாசகம். அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் பார்ப்பதுதான்.

இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். அடுத்தது குண்டூசி. சார்ஜன்ட் நெட்டையின் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நாற்பத்திரண்டு. அடியில் கோடு. அவள் பேனாவை எடுத்தாள். தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு விலகினாள்.

"நீ முதல்ல போ" என்றாள் நெட்டையிடம்.

நெட்டை முன்னால் வந்தாள். சார்ஜன்ட் தாளை மாற்றி வைத்தார். முப்பது.

"என்ன, பேனா எழுதலையா?" என்றார்.

"எழுதுது, சார்ஜன்ட். எண் தப்பா இருக்கு."

"எது தப்பு? நீ சொன்னதைத்தான் எழுதினேன்."

"நான் சொன்னது தப்பு, சார்ஜன்ட். இருபத்தொன்பது. முப்பதாவது விசிலுக்கு அப்புறம்."

உள்ளே தட்டச்சு நின்றது. கேப்டன் எழுந்து கதவருகே வந்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது.

"விசிலுக்கு அப்புறம்னு எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

"ஆறு பேரும் ஒரே நேரத்துல எண் சொன்னோம், மேடம். அதுக்கு முன்னாடி யாரும் யாரோடயும் சேரல."

"ஏன் சேந்துச்சு?"

"பிரிவுக்கு ஒண்ணு, மேடம்."

கேப்டன் சார்ஜன்ட்டைப் பார்த்தார். சார்ஜன்ட் மேசையைப் பார்த்தார்.

"நான் வாட்ச்சப் பாத்துட்டு இருந்தேன், மேடம்" என்றார். பிறகு, "இவங்களப் பாத்திருந்தாலும் தப்பாத் தெரிஞ்சிருக்காது. நானும் அப்படித்தான் எடுப்பேன்" என்றார்.

"நானும்தான்" என்றார் கேப்டன். வரிசையைப் பார்த்தார். "விசிலோட நிறுத்தினவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மைக் தொண்டையைச் செருமினான். "என்னோடது அறுபத்தொண்ணு இல்ல, அறுபது, மேடம்."

"உன்ன நான் இன்னும் கேக்கல."

"சரி, மேடம்."

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"காலைல, மேடம். கேன்டீன்ல."

"நாலு மணி வரைக்கும் என்ன பண்ணின?"

மைக் யோசித்தான். "ரொட்டி தின்னேன், மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. சார்ஜன்ட் மட்டும் குனிந்து இழுப்பறையில் எதையோ தேடினார்.

கேப்டன் மேசை அருகே வந்து பன்னிரண்டு தாள்களையும் சேர்த்து அடுக்கினார். "எல்லார்கிட்டயும் ஒண்ணு கழிச்சா முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறீங்க. எதை வெச்சுக் கழிப்பேன்? உங்க ஞாபகத்தை வெச்சா? ஒருத்தர் விசிலுக்குள்ள எடுத்திருந்தா? ஒருத்தர் ரெண்டு எடுத்திருந்தா?" பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்தார். பன்னிரண்டு கோடு. "செல்லாது. நாளைக்குக் காலை ஆறு மணி. எல்லாரும் மறுபடி. நாளைக்கு வாய் விட்டு எண்ண வேண்டாம். வாய் எண்ணினா பழக்கமும் கூடவே வரும். மனசுக்குள்ள எண்ணுங்க. முடிஞ்ச பிறகு சார்ஜன்ட்கிட்ட சொல்லுங்க."

குண்டூசி நேராக நின்றாள். கண் இமைக்கவில்லை. தன் பெயர் வெட்டப்படவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. நாளைக்குள் கை சரியாகாது என்பதும் புரிந்தது. நெட்டைக்கும் இரண்டும் புரிந்தது.

வெளியே வந்ததும் யாரோ ஒருவன் சொன்னான்: "நம்ம நெட்டை புண்ணியத்துல நாளைக்கும் ஓட்டம்."

"ஓட்டம் இல்லடா, தண்டால் மட்டும்தான்" என்றான் இன்னொருவன்.

"எதுவா இருந்தா என்ன? எனக்குத் தோள் இப்பவே கழண்டு தொங்குது."

"விடுங்கடா" என்றான் மைக். அவனுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

நெட்டை திரும்பிப் பார்த்தாள். குண்டூசி மறுபக்க வாசல் வழியாகப் போயிருந்தாள்.

அன்று மாலை நெட்டை அவளுக்கு இரண்டு முறை போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதைக் குண்டூசி பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. அக்கா வேலையிலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல் சட்டையை வாங்கி, மறுபடி மேசையில் விரித்தாள். நாளைக்குச் சட்டை வேண்டாம், பனியன்தான் என்று நெட்டை சொன்னாள். அக்கா அப்படியும் இஸ்திரி போட்டாள்.

மறுநாள் காலை புல் ஈரமாக இருந்தது. பன்னிரண்டு பேரும் தோளைச் சுழற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். நேற்று உபயோகித்த தசை இன்றுதான் கணக்கைக் கேட்கும். ஐந்து வருடம் பழகியவனுக்கும் அப்படித்தான். கேப்டனும் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

முதல் சுற்றில் நெட்டை முப்பத்தெட்டு எடுத்தாள். குண்டூசிதான் எண்ணினாள். வாய் திறக்காமல் எண்ணினாள். சார்ஜன்ட் வந்தபோது முப்பத்தெட்டு என்று சொன்னாள். நெட்டையிடம் எதுவும் சொல்லவில்லை.

இடம் மாற வேண்டிய நேரத்தில் சார்ஜன்ட் குண்டூசியின் பக்கம் வந்து குனிந்தார்.

"வேற ஆள் எண்ணணும்னா சொல்லு. ரெண்டாம் வருஷத்துப் பொண்ணு ஒருத்தி வந்திருக்கா. தப்பில்ல."

குண்டூசி தலையை ஆட்டினாள். வேண்டாம். புல்லில் கைகளை ஊன்றினாள். நெட்டை மண்டியிட்டு, அவள் நெஞ்சுக்குக் கீழே முஷ்டியை வைத்தாள்.

விசில்.

நேற்று மைதானம் முழுக்க எண்களாக இருந்தது. இன்று மூச்சுச் சத்தம் மட்டும். முதல் பத்து நன்றாகப் போனது. பதினைந்தில் குண்டூசியின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. நெட்டை உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள். குண்டூசி தலையை அவள் பக்கம் லேசாகச் சாய்த்திருந்தாள். கேட்காத எண்ணைக் காது தேடுவது போல இருந்தது. பதினேழு. பதினெட்டு. இருபத்திரண்டாவதில் இடது முழங்கை நீளவில்லை. நெட்டை அதை எண்ணவில்லை. எண்ணவில்லை என்பது குண்டூசிக்குத் தெரிய வழியில்லை. அவள் அடுத்ததற்கு இறங்கினாள். இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

கேப்டன் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை அவரைப் பார்க்கவில்லை. முஷ்டியைப் பார்த்தாள்.

இருபத்தாறு. இங்கேதான் போன பருவம். குண்டூசி அதைத் தாண்டினாள். இருபத்தேழு. மேலே நின்று மூச்சு வாங்கவில்லை. உடனே இறங்கினாள். முதுகு வளைந்தது, நிமிர்ந்தது. கை நீண்டது. இருபத்தெட்டு. மறுபடி இறங்கினாள். நெஞ்சு முஷ்டியில் பட்டது. பட்டு, அங்கேயே நின்றது. கைகள் இரண்டும் ஆடின. அவளுடைய முழு எடையும் நெட்டையின் விரல் கணுக்களில் இறங்கியது. ஒரு சாண் உயர்ந்தாள். முழங்கை நடுங்கியது.

விசில்.

வரிசையில் யாரும் இன்னொன்று எடுக்கவில்லை. ஆறு பேரும் நின்ற இடத்தில் நின்று, பிறகு படுத்தார்கள். மறுகோடியிலிருந்து சார்ஜன்ட் எழுத ஆரம்பித்தார். "ஐம்பத்தாறு" என்று ஒருவன் சொல்வது கேட்டது. அடுத்தவன் "நாப்பத்தொன்பது" என்றான். இன்னும் மூன்று பேரைத் தாண்டி அவர் இங்கே வர வேண்டும்.

குண்டூசி நெட்டையின் கை மேலேயே படுத்திருந்தாள். கன்னம் புல்லில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. நெட்டை கையை உருவவில்லை. நேற்று நாலு மணிக்குப் பிறகு முதல் முறையாகக் குண்டூசி அவளிடம் பேசினாள்.

"எத்தனைடி?"